பேரில்லாத முட்டை

அவருடைய பெயரை எழுதினால் அவர் என்னிடம் காசு கேட்பார். அதனால் எழுதவில்லை.

ஒருவருடைய பெயர் எங்கே எழுதப்பட்டாலும் அதற்கு ஒரு விலை உண்டு என்பது அவருடைய கொள்கை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் யாராவது கல்யாண அழைப்பிதழைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் நாளைப் பார்ப்பார்கள், மண்டபம் எங்கே என்று பார்ப்பார்கள். அவர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிற பெயர்களை விரலால் தடவிக்கொண்டு போவார். மாமன்மார், சித்தப்பாமார், ஜெர்மனியில் இருக்கிற மச்சான்மார் எல்லாரும் அங்கே வரிசையாக நிற்பார்கள்.

"இவ்வளவு பேரையும் சும்மா போட்டிருக்கிறாங்கள், தம்பி," என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் குடியிருந்தார். விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. பெட்டிகளில் இலக்கம் எழுதுகிற கறுப்பு மார்க்கர் பேனை ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி கார் து நோர் நிலையத்தில் இறங்கி, நடந்து லாச்சப்பலுக்கு வருவார். மரக்கறி வாங்க வருவதாக வீட்டில் சொல்லியிருப்பார். திரும்பிப் போகும்போது கையில் ஒரு கட்டு முருங்கைக்காயும், எங்கள் சங்கத்துக்கு இரண்டு மூன்று விளம்பரமும் இருக்கும்.

"காசு தாங்கோ" என்று அவர் யாரிடமும் கேட்டு நான் கண்டதில்லை. கடைக்குள் போவார். முதலாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். சட்டைக் கொலரைப் பார்த்துக்கொண்டு, இரகசியம் சொல்லுகிற குரலில், "அண்ணை, உங்களுக்கு ஒரு இடம் வைச்சிருக்கிறன்" என்பார். என்ன இடம், எங்கே என்று சொல்லமாட்டார். முதலாளி கேட்கும்வரை காத்திருப்பார். கேட்டாரென்றால் காரியம் முடிந்தது. எந்த ஆளுக்கு எந்த இடத்தில் கடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சொறிந்துவிடுவதற்குத்தான் விலை.

இனிச் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரி என்றுதான் பெயர். நாங்கள் கல்லூரியை விட்டு வந்தாலும் கல்லூரி எங்களை விடுவதில்லை. போகிற ஊரெல்லாம் ஒரு பழைய மாணவர் சங்கம் முளைத்துவிடும். எங்கள் கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் ஆண்டுதோறும் பங்குனியை ஒட்டி மூன்று நாள் துடுப்பாட்டம், அதாவது கிரிக்கெட், நடக்கும். அதைப் 'பெரிய போட்டி' என்போம். எதிர்க் கல்லூரியின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. 'மற்றக் கல்லூரி' என்போம். அவர்களும் எங்களை அப்படித்தான் சொல்லுகிறார்கள் என்று கேள்வி.

அந்த மூன்று நாளுக்காக மீதி வருடம் முழுவதும் காசு சேர்ப்போம். காசு வருகிற வழிகள் எல்லாச் சங்கங்களுக்கும் ஒன்றுதான். சார்செல்லில் மண்டபம் எடுத்து ஓர் இராப்போசன விருந்து, அதில் ஒரு லொத்தர்ச் சீட்டிழுப்பு, அன்று வெளியிடுகிற மலரில் விளம்பரம், கோடையில் உதைபந்தாட்டம் நடக்கிற மைதானத்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை. காசு போகிற வழிகள்தான் சுவாரசியமானவை. மண்டப வாடகை, ஒலி, ஒளி, பாட்டுக்காரர், சிறப்பு விருந்தினரின் விமானச் சீட்டு, அவருக்குப் பொன்னாடை, அவருடைய மனைவிக்குப் பொன்னாடை, அவர் திடீரென்று கூட்டிவந்த மைத்துனருக்கும் ஒன்று. இதெல்லாம் கழிந்து மிஞ்சினது கல்லூரிக்குப் போகும். மிஞ்சினதிலும் வெற்றிக் கிண்ணம்தான் வாங்குவோம். ஒரு வருடம் அனுப்பிய கிண்ணம் எவ்வளவு பெரியதென்றால், அணித்தலைவன் அதைத் தூக்கிப்பிடித்த படத்தில் பெடியனைக் காணவில்லை. கிண்ணத்துக்கு இரண்டு கால் முளைத்தது போல் இருந்தது. அந்தப் படத்தை மலரில் போட்டவன் நான். மலருக்கு ஆசிரியர் என்ற பொறுப்பு அப்போது என் தலையில் இருந்தது. சங்கத்தின் பழைய மலர்கள் எல்லாம் ஆண்டு வரிசையில் இப்போதும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. மனைவி அந்த இடத்தை வேறு தேவைக்குக் கேட்டபடி இருக்கிறாள்.

அந்த மலர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். தொடர்ந்து மூன்று வருடம், மூன்று சிறப்பு விருந்தினர்களின் தோளிலும் கிடப்பது ஒரே பொன்னாடை. விளம்பரம் சேர்க்கிற அவருடைய வேலைதான். விருந்து முடிந்து விருந்தினர் காரில் ஏறப்போகிற நேரம் இவர் வாசலில் நிற்பார்.

"அண்ணை, அந்தப் பொன்னாடையை ஒருக்காத் தாங்கோ."

"ஏன், எனக்குப் போர்த்ததெல்லோ?"

"போர்த்தது போர்த்ததுதான், அதை ஆர் இல்லையெண்டது? படமும் எடுத்தாச்சு. உங்கடை அலுமாரியிலை கிடந்து பூச்சி அரிக்கப்போகுது. இது அடுத்த வருஷக்காரருக்கு."

முதலாவது விருந்தினர் சிரித்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தார். இரண்டாவது படத்திலிருந்து பொன்னாடையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை தெரிகிறது. அது முதலாம் வருடத்துக் கோழிக்குழம்பு என்பது என்னுடைய முடிவு.

பின்னட்டைக் கதையும் இருக்கிறது. மலரின் பின்னட்டைதான் விலை கூடிய இடம். எதிரெதிரே இருந்த இரண்டு நகைக்கடைக்காரர்களும் அதைக் கேட்டார்கள். இவர் இரண்டு பேருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்து என்னைப் பாதி மலருக்கு ஒரு பின்னட்டையும் மீதிக்கு மற்றதும் அடிக்கச் சொன்னார்.

"அண்ணை, இது பிழையெல்லே?" என்றேன்.

"என்ன பிழை? பின்னட்டை தாறன் எண்டுதான் சொன்னனான். எல்லாப் பின்னட்டையும் தாறன் எண்டு ஆருக்குச் சொன்னனான்?"

விருந்தன்று இரண்டு முதலாளிகளும் ஒரே மேசையில் இருக்க நேர்ந்தது. சோறு வருவதற்கு முன்பே விஷயம் வெளியே வந்துவிட்டது. இரண்டு பேரும் மலரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்தார்கள். நான் சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டேன். கதவு இடுக்கால் பார்த்தபோது இவர் அவர்களின் கொலர்களை மாறி மாறிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் 'எல்லாப் பின்னட்டையும்' என்று ஒரு புதிய விலை வந்தது. அதற்கு இரண்டு பேரும் போட்டி போட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் முட்டை விற்கப் போனதுதான் நான் சொல்லவந்த கதை.

அந்த வருடம் விருந்தில் நன்றாக மிஞ்சியது. எங்கள் தலைவர் பொபினியில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். எதையும் சீமெந்திலும் கல்லிலும் யோசிப்பார். கல்லூரி மைதானத்துக்கு மின்சார ஸ்கோர் போர்ட் ஒன்று, அதன் அடியில் காசு தந்தவர்களின் பெயர் வெட்டிய மாபிள் கல் ஒன்று என்று முடிவு செய்திருந்தார். இருக்கிற காசு பாதிக்குத்தான் காணும். மீதியை அடுத்த விருந்துக்கு முன்பு சேர்க்கவேண்டும். ஒரு ஞாயிறு பகல், சாப்பாட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியில் செயற்குழு கூடியது. சந்தோசச் செய்தியைச் சொல்லுவதற்காகக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று மேசை நடுவில் வைத்தார் தலைவர்.

"மாஸ்ரர், உங்களுக்கு மின்சார ஸ்கோர் போர்ட் வருகுது!"

மறுமுனையில் மட்டையில் பந்து படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லது, தலைவர். ஆனா..."

"என்ன ஆனா?"

"முட்டை கிடைச்சால் பெரிய உதவி."

"என்ன?"

"முட்டை, தலைவர். கோழி முட்டை."

மாஸ்ரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெடியள் பலர் தூரத்திலிருந்து வருகிறவர்கள். விடியக் காலை வெறும் தேத்தண்ணியோடு வெளிக்கிடுகிறார்கள். பள்ளிக்கூடம் முடிந்து பொழுதுபடும்வரை பயிற்சி. "எங்கடை வேகப்பந்துக்காரன், அந்த நெட்டைப் பெடியன், போன கிழமை பந்து போட ஓடி வந்தவன் பாதி வழியிலை அப்பிடியே குந்தியிட்டான். மத்தியானம் ஒண்டும் சாப்பிடேல்லையாம். போன பெரிய போட்டியிலை கடைசி நாள் பின்னேரம் எங்கடையாக்கள் வாடி விழுந்துதானே தோத்தவங்கள். பின்னேரத்திலை ஆளுக்கு ரெண்டு முட்டை, ஒரு கோப்பை பால். வேறை ஒண்டும் வேண்டாம்."

தலைவர் தொலைபேசியைக் கையால் பொத்தினார்.

"பாவம்தான். ஆனா ஸ்கோர் போர்ட் காசிலை கை வைக்கேலாது. சனம் கல்லிலை பேர் வெட்டுறதெண்டு தந்தது. முட்டைக்கு ஆர் தருவினம்? முட்டையிலை பேர் வெட்டேலுமோ?"

"ஏன் ஏலாது?" என்று ஒரு குரல் கேட்டது. இவர்தான். அதுவரை யன்னலோரத்தில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழும்பிக் கீழே போனார். வரும்போது கையில் ஓர் அவித்த முட்டை. இருந்து, மார்க்கர் பேனையை எடுத்து, முட்டையை உருட்டி உருட்டித் தலைவரின் முழுப் பெயரையும் எழுதினார். அதன் கீழே 'சங்கத் தலைவர்' என்று எழுதினார். சின்னத் தட்டில் வைத்துத் தலைவர் முன்னால் தள்ளினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் முட்டையைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்.

"தலைவர் எண்டதை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதியிருக்கலாம்," என்றார்.

பிறகு தொலைபேசியை எடுத்து அதைப் படம் பிடித்தார். கூட்டம் முடிந்தபோது அந்த முட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆனால் கறாராக ஒன்று சொன்னார்: முட்டை பெரிய போட்டி வரைக்கும்தான். அதோடு நிப்பாட்டவேண்டும். அதற்குப் பிறகு சங்கத்தில் எவரும் ஸ்கோர் போர்ட்டைத் தவிர வேறு எதற்கும் காசு கேட்கக்கூடாது.

"ஓம் தலைவர். பெரிய போட்டி மட்டும்தான்," என்றார் இவர். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து லாச்சப்பல் கடைகளில் புதிய வாசகம் ஒன்று கேட்டது. "அண்ணை, உங்களுக்கு ஒரு முட்டை வைச்சிருக்கிறன்."

ஒரு பெடியனுக்குரிய முட்டையும் பாலும் ஒருவர் பொறுப்பு. பதிலுக்குக் கிழமைக்கு ஒரு தடவை மாஸ்ரர் முட்டைகளில் பெயர் எழுதி, தட்டோடு வைத்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். கல்லிலே வெட்டுகிற பெயரை ஒருவன் ஊருக்குப் போனால்தான் பார்க்கலாம். முட்டையில் எழுதின பெயர் கிழமைக்குக் கிழமை கைக்கே வந்தது. மெற்றோவில் பக்கத்தில் இருக்கிறவருக்கும் காட்டலாம். ஒருவருடைய மகள், இங்கே பிறந்த பிள்ளை, "பப்பா, உங்கள் பெயர் ஏன் முட்டையில் இருக்கிறது?" என்று பிரெஞ்சில் கேட்டாளாம். அவர் யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்டத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்க, அவள் எழும்பிப் போய்விட்டாள்.

முறைப்பாடுகளும் வந்தன. ஒருவர் தன்னுடைய முட்டை மற்றவர்களுடையதைவிடச் சிறியது என்று படத்தைப் பெருப்பித்துக் காட்டினார். ஒருவருக்குக் 'கலாநிதி' பட்டம் விடுபட்டுப் போயிற்று. முட்டையில் இடம் போதாது என்று மாஸ்ரர் சொன்னதற்கு, வாத்து முட்டை வாங்க வசதியில்லையோ என்று கேட்டார். சுத்த சைவக்காரர் ஒருவருக்கு மட்டும் கதலி வாழைப்பழத்தில் பெயர் எழுதப்பட்டது. மற்றவர்களுக்கு அதில் பொறாமை. வாழைப்பழத்தில் பெயர் நீட்டாக வருகிறதாம்.

இறந்துபோன தகப்பனின் நினைவாக ஒருவர் காசு தந்தார். மாஸ்ரர் முறைப்படி 'அமரர்' என்று எழுதினார். அந்த முட்டையை எந்தப் பெடியனும் தொடவில்லை. மாஸ்ரர் கவலையோடு கூப்பிட்டார். இவர் தந்தவரிடம் போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அப்பாவுக்கு முட்டை விருப்பமோ?"

"ஓம், வலு விருப்பம்."

"அப்ப முட்டையிலை எண்டாலும் அவர் உயிரோடை இருக்கட்டும். அமரரை எடுத்துவிடுவம்."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். வெளியே வந்ததும் இவர் என்னிடம் கேட்டார்: "ஒரு சொல்லைக் குறைச்சிருக்கிறம். கூடக் கேட்டிருக்கலாமோ?"

அந்தப் படங்களை நான் ஒன்றும் விடாமல் சேமித்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு கிழமையும் தட்டின் ஓரத்தில் ஒரு முட்டை பெயரில்லாமல் இருந்தது. முதலில் மறதி என்று நினைத்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: அது இவருடையது. ஊரெல்லாம் பெயர் விற்கிற மனிதர் தன்னுடைய பெயரை மட்டும் மறைக்கிறார்! என் மனம் இளகிப்போயிற்று. மலருக்காக ஒரு பந்தி எழுதி, 'விளம்பரம் விரும்பாத வள்ளல்' என்று தலைப்பும் போட்டு அவரிடம் காட்டினேன். வாசித்தார். மார்க்கர் பேனையைத் திறந்து மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டார்.

"விசரோ, தம்பி? நான் முட்டை வாங்கிற ஆளில்லை. விக்கிற ஆள்."

"அப்ப அது ஆரின்ரை முட்டை?"

"பேரில்லாதவரின்ரை."

பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்றக் கல்லூரிச் சங்கத்தின் தலைவருக்கு லாச்சப்பலில் புடவைக்கடை. வாசலில் நின்று போகிற வருகிற எங்கள் ஆட்களை நக்கலடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. முட்டை விஷயம் காதில் விழுந்த பிறகு அவருக்குக் கொண்டாட்டம்.

"என்ன ஐசே, நீங்கள் நடத்துறது துடுப்பாட்டமோ கோழிப்பண்ணையோ?" என்பார். "முட்டை எடுக்கிறது உங்கடை பெடியளுக்குப் பழகின விஷயம்தானே!" என்பார். எங்களுக்கு உடம்பெல்லாம் பற்றியெரியும். இவர் மட்டும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து, கடைக்குள்ளேயே போய் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்.

"அண்ணை, உந்தாள் எங்களை இவ்வளவு பகிடி பண்ணுது. நீங்கள் அங்கை போய்த் தேத்தண்ணி குடிக்கிறியள்," என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவரின்ரை தேத்தண்ணி நல்லது, தம்பி. பால் கூட விடுவார்."

மாசி மாதம் முடிகிறபோது, செயற்குழு கூடியிருந்த நேரம் மாஸ்ரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பெடியளுக்கு முகத்தில் களை வந்துவிட்டதாம். நெட்டையன் இப்போது பின்னேரம் முழுக்கப் பந்து போடுகிறானாம். பிறகு மெதுவாக, "பெரிய போட்டிக்குப் பிறகும் கொஞ்சம் குடுக்கலாமோ? பெடியள் என்னைக் கேக்கிறாங்கள். நான் என்ன சொல்ல?" என்றார். தலைவர் அசையவில்லை. பேசினது பேசினதுதான் என்றார். மாபிள் கல்லுக்கு விலை கேட்டு முடித்துவிட்டார். இவர் யன்னலுக்கு வெளியே, புடவைக்கடை இருக்கிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய போட்டியை இரண்டு சங்கமும் ஒரே மண்டபத்தில், ஒரே திரையில் நேரலையாகப் பார்ப்பது என்று அந்த வருடம் ஏற்பாடு செய்தவரும் இவர்தான். வாடகை பாதி மிச்சம் என்றார். நடுவில் நடக்க ஓர் ஒழுங்கை விட்டு, இடது பக்கம் நாங்கள், வலது பக்கம் அவர்கள். முன்வரிசையில் இரண்டு தலைவர்களும் ஒழுங்கையின் கரைகளில். புடவைக்கடைக்காரருக்குப் பின்கதிரையில் இவர். இவருக்குப் பக்கத்தில் நான். எங்கள் பக்கத்தில் இருக்காமல் ஏன் இங்கே இருக்கிறோம் என்று கேட்டதற்கு, இங்கிருந்து திரை வடிவாகத் தெரியுது என்றார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஊரில் பின்னேரத் தேநீர் இடைவேளை முடிய, இங்கே இன்னும் முற்பகல்; கடைகள் அப்போதுதான் மும்முரமாகத் தொடங்கியிருந்தன. மற்றக் கல்லூரிக்கு ஒரே ஒரு விக்கெட் மிச்சம். வெல்லுகிற நிலையில் அவர்கள் இல்லை. பொழுதுபடும்வரை மறித்து நின்றால் போட்டி சமம். கடைசிச் சோடி மறித்தது. மறித்துக்கொண்டே நின்றது. வலது பக்கத்தார் ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினார்கள். போன வருடம் இந்த நேரத்தில் எங்கள் பெடியள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றவர்கள். இந்த வருடம் பந்தைத் துரத்தி ஓடினார்கள். நெட்டையன் பந்தை வாங்கிக்கொண்டு தன் ஓட்டத்தின் தொடக்கத்துக்கு நடந்துபோனான்.

அப்போது இவர் முன்னால் குனிந்தார். புடவைக்கடைக்காரரின் காதோரமாகச் சொன்னார்.

"அண்ணை, ஓடி வாறது ஆரெண்டு தெரியுமோ?"

"ஆர்?"

"அதுதான்."

"எது?"

"பேரில்லாதது."

புடவைக்கடைக்காரர் திரும்பி இவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நெட்டையன் ஓடி வந்தான். நடு விக்கெட் தடி மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது.

எங்கள் பக்கம் கதிரைகள் சரிந்தன. ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்தச் சத்தத்தையெல்லாம் மிஞ்சிக்கொண்டு முன்வரிசையிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. புடவைக்கடைக்காரர் எழும்பி நின்று திரையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ரை முட்டையைத் திண்டிட்டு என்ரை பெடியளையே விழுத்திறானே!"

இரண்டு பக்கத்துத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"என்ன சொன்னனியள்?" என்றார் எங்கள் தலைவர்.

"ஆரின்ரை முட்டை, அண்ணை?" என்றது வலது பக்கம்.

புடவைக்கடைக்காரர் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் கோபம் முழுவதையும் பின்கதிரைக்குத் திருப்பினார்.

"உவர்தான்! ஐப்பசி மாதம் கடைக்கு வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னவர். 'போன வருஷம் நீங்கள் வெண்டதெண்டு ஊரிலை ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை, எங்கடை பெடியள் பசியிலை விழுந்ததெண்டுதான் கதை' எண்டு. எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை. வயிறு நிறைஞ்சவனையெல்லோ வெல்லவேணும்! அதுக்காகக் குடுத்தன். குடுத்தனெண்டு வெளியிலை தெரிஞ்சால் எங்கடை ஆக்கள் என்னைச் சும்மா விடுவினமோ? பேர் போடாதை எண்டன். பேர் போடாமல் விடுறதெண்டால் ரெட்டைக் காசு எண்டு அதையும் வாங்கினவர்!"

இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அவருடைய ஆட்களில் ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில்தான் சிரிப்பு முதலில் நின்றது. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "தலைவர், அவை எங்கடை பெடியளுக்கு முட்டை குடுக்கினம். நாங்கள் இண்டையோடை நிப்பாட்டப்போறமோ?"

தலைவர் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். புடவைக்கடைக்காரர் இந்தப் பக்கம் பார்த்தார்.

"ஆர் நிப்பாட்டச் சொன்னது?" என்றார் தலைவர். "நான் எப்ப நிப்பாட்டச் சொன்னனான்? ஸ்கோர் போர்ட் ஆறுதலா வரட்டும். பெடியள் எங்கை போகப்போறாங்கள், ஸ்கோர் போர்ட்டைச் சாப்பிடவோ போறாங்கள்?"

அவர் எந்த ஞாயிறு, எந்த மேசையில், எந்த வார்த்தைகளில் நிப்பாட்டச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதை ஞாபகப்படுத்துவது அவசியமாகப் படவில்லை.

வலது பக்கத்தில் யாரோ மெல்லக் கேட்டார்கள்: "அப்ப எங்கடை பெடியள் பின்னேரத்திலை என்ன சாப்பிடுறாங்கள்?"

ஒருவருக்கும் தெரியவில்லை. புடவைக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. இவர் எழும்பி ஒழுங்கையில் நின்று, கேட்டவரின் கொலரைப் பார்த்து, இரகசியக் குரலில் சொன்னார்: "அண்ணை, உங்களுக்கும் ஒரு முட்டை வைச்சிருக்கிறன்."

அன்று மத்தியானத்துக்குள் இரண்டு கல்லூரிக்கும் முட்டை விற்றுத் தீர்ந்தது. போகிற நேரத்தில் புடவைக்கடைக்காரர் இவரை வாசலில் மறித்தார்.

"இனி மறைக்க ஒண்டுமில்லை. அந்த முட்டையிலை என்ரை பேரை எழுதச் சொல்லும்."

"எழுதலாம், அண்ணை. ஆனா..."

"என்ன ஆனா?"

"எழுதாமல் விட்டதுக்குத்தான் நீங்கள் தந்தது. எழுதிறது வேறை கணக்கு."

"நீர் மனிசனோ, ஐசே?" என்று கேட்டுவிட்டு, புடவைக்கடைக்காரர் பணப்பையைத் திறந்தார். "எழுதிறதெண்டால் முழுப் பேரையும் எழுதச் சொல்லும். கடையின்ரை பேரையும்."

மின்சார ஸ்கோர் போர்ட் இன்னும் வரவில்லை. அண்மையில் ஊருக்குப் போன ஒருவர் மைதானத்தைப் படமெடுத்து அனுப்பினார். பழைய பலகைதான். ஒரு பெடியன் ஏணியில் நின்று எண் எழுதிய தகரத்தை மாற்றுகிறான். இன்னொரு கையில் ஏதோ வைத்துக் கடிக்கிறான். பெருப்பித்துப் பார்த்தும் பெயர் தெரியவில்லை.

இவர் ஓய்வு பெற்று, மகளோடு தெற்கே துலூஸ் நகரத்துப் பக்கம் போய்விட்டார். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறதாம். அதன் கதிரைகளின் முதுகில் இப்போது பெயர்கள் வரத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. இதை எழுதி முடித்தபின் அவருக்குச் சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, உங்களைப் பற்றி எழுதியிருக்கிறன்."

"ஓமோ? சந்தோசம். பேர் போட்டிருக்கிறீரோ?"

"இல்லை, அண்ணை. பேர் போடேல்லை." காசு மிச்சம் என்ற சந்தோசம் என் குரலில் தெரிந்திருக்கவேண்டும்.

மறுமுனையில் மார்க்கர் பேனையின் மூடியைத் திறப்பதுபோல ஒரு சின்னச் சத்தம்.

"போடேல்லையோ? அப்ப ரெட்டை, தம்பி."